பழைய டயர் கம்பியை எம்70 கான்கிரீட்டில் போடலாமா?

ரெடிமிக்ஸ் நிலையம் ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தொழிற்கூடத் தளம் ஒன்றுக்கும் சில ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்து எடுத்துவரும்) பலகைகளுக்கும் எம்70 கலவை, அதாவது 28 நாளில் 70 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும் கான்கிரீட், தயார் செய்கிறார்கள். டயர் அரைக்கும் இடத்திலிருந்து மெல்லிய எஃகு இழை மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடைக்கிறதாம். கம்பெனி இழைக்குப் பதிலாக இதைப் போடலாமா, போட்டால் வலிமை கூடுமா, கனமீட்டருக்கு எத்தனை கிலோ போடுவது என்பதுதான் கேள்வி.

போடலாம். இன்னும் சொன்னால், சாதாரண எம்25, எம்30 கலவையைவிட உயர்வலிமைக் கான்கிரீட்டுக்குத்தான் டயர் இழை நன்றாகப் பொருந்தும். ஆனால் மூட்டையைப் பிரித்து உள்ளே இருப்பது என்ன என்று பார்க்காமல் ஒரு கிலோகூட மிக்ஸரில் கொட்டாதீர்கள். க்யூப் வலிமை (வார்த்த கனசதுரத்தை நசுக்கி அளப்பது) ஏறும் என்ற எண்ணத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால் எத்தனை கிலோ என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள முடியும்.

முதலில் கம்பியைப் பற்றி. ரேடியல் டயருக்குள் இரண்டு வகைக் கம்பி இருக்கிறது. டயர் ரிம்மில் உட்காரும் ஓரத்தில், ரப்பருக்குள் வளையமாக இருப்பது பீட் கம்பி. அது சுமார் 1 மி.மீ. தடிமன் இருக்கும், கனரக டயரில் இன்னும் தடிமனாகவே இருக்கும். இன்னொன்று, தரையில் படும் பகுதிக்குக் கீழே பெல்ட்டாக ஓடும் கார்டு. இது முடியைப் போல மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு. ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 0.15 முதல் 0.35 மி.மீ. தான். மேலே பித்தளை முலாம் இருக்கும். ரப்பரில் உள்ள கந்தகம் அந்தப் பித்தளையில் உள்ள செம்போடு வினைபுரிந்துதான் ரப்பரும் எஃகும் பிரியாமல் ஒட்டிக்கொள்கின்றன.

இந்தக் கார்டு கம்பியின் இழுவலிமை 2000 மெகாபாஸ்கலுக்கு (ஒரு சதுர மி.மீ.க்கு 2000 நியூட்டன்) மேல், பல நேரம் 2500 வரை வரும். நாம் கட்டடத்தில் போடும் டிஎம்டி கம்பி 500, 550 என்ற வரிசையில்தான் இருக்கிறது. கார்பன் அதிகமுள்ள எஃகை, சூடாக்காமல், ஒன்றைவிட ஒன்று சிறிய துளை வழியே திரும்பத் திரும்ப இழுத்து மெலிதாக்குவதால் வந்த வலிமை அது. இன்று பழைய டயரிலிருந்து வரும் எஃகில் பெரும்பகுதி உருக்காலைக்குத்தான் போகிறது. உருக்கிய அந்த நிமிடமே இழுத்து இழுத்துச் சேர்த்த வலிமை முழுக்கக் கரைந்துவிடும், மறுபடி சாதாரண எஃகுதான் மிஞ்சும். கம்பியைக் கம்பியாகவே பயன்படுத்தினால் அந்த உழைப்பும் ஆற்றலும் வீணாகாது. டயர் இழை விஷயத்தில் எனக்கு இருக்கும் ஆர்வத்துக்கு முதல் காரணமே இதுதான். குப்பை குறைகிறது என்பது அதற்கு அடுத்ததுதான்.

இப்போது கான்கிரீட் பக்கம் வருவோம். கலவை விகிதத்துக்கான இந்திய விதி ஐஎஸ் 10262-ன் 2019 பதிப்பு எம்65-லிருந்து உயர்வலிமை என்று கணக்கு வைக்கிறது. அந்த வலிமைக்குப் போகும்போது கூடவே வரும் தொல்லை நொறுங்கும் குணம். எம்25 க்யூபை உடைக்கும்போது அது விரிசல் காட்டி, முனகி, மெதுவாகத் தளரும். எம்80 க்யூப் வெடிக்கும். பரிசோதனைக்கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். சாதாரணக் கான்கிரீட்டில் விரிசல் ஜல்லியைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். உயர்வலிமையில் சிமெண்ட் பசையும் ஜல்லிக்குச் சமமாக வலுவாக இருப்பதால் விரிசல் ஜல்லியைப் பிளந்துகொண்டு நேராகப் போய்விடும். தடுக்க எதுவும் இல்லை. இழையின் வேலை இங்கேதான்: விரிசலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்து, அது ஒரே மூச்சில் ஓடிவிடாமல் வைத்திருப்பது.

அப்படிப் பிடிக்கும் இழை அறுந்துபோகக் கூடாது. மெல்ல உருவி வரவேண்டும். உருவும்போது ஏற்படும் உராய்வுதான் ஆற்றலை உறிஞ்சுகிறது, அறுந்துவிட்டால் அந்த உறிஞ்சல் அதோடு முடிந்தது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 0.2 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளமுள்ள டயர் இழை. 2500 மெகாபாஸ்கல் என்றால் அது அறுபட ஏறக்குறைய 78 நியூட்டன் விசை வேண்டும். விரிசல் சரியாக நடுவில் வந்தால்கூட ஒரு பக்கம் 10 மி.மீ. தான் புதைந்திருக்கும். பிடிப்பு 5 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் உருவி எடுக்க 31 நியூட்டன் போதும். பிடிப்பு இரட்டிப்பானாலும் 63-தான். ஆக, அது எப்போதும் உருவித்தான் வரும், அறுபடாது.

அதே கணக்கைக் கொக்கி இழைக்கு, அதாவது இரண்டு முனையும் வளைந்த கம்பெனி இழைக்குப் போடுங்கள். 0.75 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம், வலிமை 1100 என்று எடுத்தால் அறுபட 486 நியூட்டன். அடர்த்தியான பசைக்குள் 30 மி.மீ. புதைந்த நீளத்தின் பிடிப்பே 350-ஐத் தாண்டும், அதன்மேல் கொக்கியின் பிடிமானம் வேறு. எம்30-க்கு வாங்கிய கொக்கி இழையை எம்80-இல் போட்டவர்கள், உடைந்த பீமைப் பிரித்துப் பார்த்து, இழைகள் பட்டென்று அறுந்திருப்பதைக் காண்பது இதனால்தான். உயர்வலிமைக்கென்றே 2000-க்கு மேல் வலிமையுள்ள கொக்கி இழைகளைத் தயாரிப்பாளர்கள் தனியாக விற்பதும் இதற்காகத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதிஉயர் வலிமைக் கான்கிரீட்டில் வழக்கமாகப் போடும் இழை என்ன? சுமார் 13 மி.மீ. நீளம், 0.2 மி.மீ. விட்டம், நேரானது, பித்தளை முலாம் பூசியது, வலிமை 2000-க்கு மேல். கனடாவில் 1997-இல் கட்டிய ஷெர்ப்ரூக் நடைபாலம் இந்த வகைக் கான்கிரீட்டின் முன்னோடி. 60 மீட்டர் நீளம், 200 மெகாபாஸ்கல் கான்கிரீட், உள்ளே இப்படி மெல்லிய எஃகு இழை. அந்த இழைக்கும் டயர் கார்டுக் கம்பிக்கும் பிறப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே மாதிரி எஃகு, ஒரே மாதிரி இழுக்கும் முறை. நாம் விலை கொடுத்து வாங்கும் பொருளின் உறவுக்காரன் டயருக்குள் இருக்கிறான் என்று சொன்னால் தவறில்லை.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். மேலே சொன்ன டயர் இழை ஒன்றின் எடை 5 மில்லிகிராம்கூட இல்லை. ஒரு கிலோவில் இரண்டு லட்சம் இழைகள். கொக்கி இழை ஒரு கிலோவில் ஐயாயிரத்துக்கும் குறைவு. அப்படியென்றால் அதே எடைக்கு 40 மடங்கு இழைகள் கான்கிரீட்டுக்குள் பரவி நிற்கின்றன. நுண்விரிசல் எங்கே பிறந்தாலும் பக்கத்திலேயே ஓர் இழை இருக்கும். உயர்வலிமைக் கலவையில் தண்ணீர் குறைவு, சிலிக்கா ஃப்யூம் (சிமெண்டோடு சேர்க்கும் மிக நுண்ணிய தூள்) அதிகம் என்பதால் உள்ளுக்குள்ளேயே ஏற்படும் சுருக்கம் பெரிய பிரச்சினை. முதல் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வந்துவிடும். அவற்றை அடக்குவதில் மெல்லிய டயர் இழைக்கு நிகராகத் தடித்த கொக்கி இழையைச் சொல்ல முடியாது. தளத்தின்மேல் வண்டி திரும்பத் திரும்ப ஓடுவதால் வரும் களைப்புக்கும் இதே குணம்தான் உதவுகிறது.

ஆனால் விரிசல் 2, 3 மி.மீ. அகலமாகிவிட்டால் கதை மாறும். 20 மி.மீ. இழையின் சராசரிப் புதைவு 5 மி.மீ. தான். அதில் பாதி உருவி வந்தபின் பிடிக்க என்ன இருக்கிறது? அந்தக் கட்டத்தில் 60 மி.மீ. கொக்கி இழைதான் நின்று தாங்கும். என் பரிந்துரை ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போடுவதாக இல்லாமல் இரண்டையும் கலப்பதாக இருப்பது இதனால்தான். கீழே அதற்கு வருகிறேன்.

இந்த ஆராய்ச்சி எங்கே வளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தேடிப் படிக்க உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 நிலநிரப்புச் சட்டம் முழு டயரைக் குப்பை மேட்டில் புதைப்பதை 2003-லிருந்தும், துண்டாக்கிய டயரை 2006-லிருந்தும் தடை செய்தது. டயரை என்ன செய்வது என்ற நெருக்கடி அங்கே உண்மையாகவே வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் கிப்ரோஸ் பிலாகூட்டாஸ் தலைமையிலான குழு பல ஆண்டுகளாக டயர் இழையில் வேலை செய்திருக்கிறது. அவர்கள் பங்கெடுத்த ஈகோலேன்ஸ் திட்டத்தில் ரோலரால் அழுத்தும் உலர் கான்கிரீட்டில் டயர் இழையைப் போட்டுச் சாலைகள் அமைத்துப் பார்த்தார்கள். அடுத்து வந்த அனாகெனிசி திட்டம் டயரின் ரப்பர், எஃகு, நூல் மூன்றையுமே கான்கிரீட்டுக்குள் கொண்டுவர முயன்றது. இத்தாலியில் சலெந்தோ பல்கலைக்கழகத்தில் அயெல்லோ குழுவினர் ஒற்றை இழையை உருவும் சோதனையிலிருந்து தொடங்கி வளைவுச் சோதனை வரை செய்து 2009-இல் வெளியிட்டார்கள். டயர் இழை கான்கிரீட்டில் பிடிக்கும் என்பது இன்று நிரூபிக்க வேண்டிய விஷயமாக இல்லை. எந்த டயர் இழை என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் பலர் சறுக்குவது அங்கேதான். நானும் சறுக்கியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடமிருந்து வந்த மூட்டைகளை நம்பி, மாதிரி மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, சோதனைக் கலவைக்கு இறங்கினோம். மேல் மூட்டையில் இருந்தது ஒன்று, கீழ் மூட்டையில் இருந்தது வேறு. பாதி பீட் கம்பித் துண்டு, ரப்பர் ஒட்டிய முடிச்சுகள், நடுவில் பஞ்சு மாதிரி நைலான் நூல். மிக்ஸரிலிருந்து தேங்காய் அளவு உருண்டைகள் விழுந்தன. அன்றைய வேலை முழுக்க வீண். தப்பு இழைமேல் இல்லை, பிரித்துப் பார்க்காதது எங்கள் தப்பு.

டயரிலிருந்து எஃகு மூன்று வழியில் வருகிறது. முதல் வழி, இயந்திரத்தில் துண்டாக்கி அரைத்து, காந்தத்தால் எஃகைப் பிரிப்பது. கம்பியின் வலிமை அப்படியே இருக்கும். ஆனால் நீளம் ஒரே சீராக இராது, ரப்பர் துணுக்கும் நூலும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாம் வழி பைராலிசிஸ். காற்றில்லாமல் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகளில் கம்பி உபரியாக மிஞ்சும். ரப்பர் போய்விடும், பார்க்கச் சுத்தமாகத் தெரியும். ஆனால் குளிர்நிலையில் இழுத்து வந்த வலிமை அந்தச் சூட்டில் இளகிவிடும். மேலே கரிப்பூச்சும் இருக்கும், அது பிடிப்பைக் குறைக்கும். உயர்வலிமைக் கான்கிரீட்டுக்கு நாம் டயர் இழையைத் தேடுவதே அதன் வலிமைக்காக என்பதால், பைராலிசிஸ் கம்பியை எம்70-க்கு நான் சேர்க்கவே மாட்டேன்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. டயர் தொழிற்சாலைகளில் பெல்ட் வெட்டும்போது விழும் ஓரத்துண்டுகள், இன்னும் வேகவைக்காத ரப்பரோடு அல்லது ரப்பரே படாத கார்டாகக் கழிவாகும். அது ஓடிய டயர் இல்லை, கம்பி புத்தம் புதியது, வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். ஷெஃபீல்ட் ஆய்வுகளிலும் இப்படி வெட்டிய கார்டையும் ஓடிய டயரின் இழையையும் தனித்தனியாகவே சோதித்தார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம், தேர்வாய் கண்டிகை என்று டயர் ஆலைகள் வரிசையாக நிற்கும் வட தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, இந்த மூன்றாவது வழியை முதலில் விசாரிக்காமல் இருப்பது நியாயமில்லை. கிடைத்தால் அதையே எடுங்கள். முறுக்கு பிரியாத கார்டு என்றால் ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: பல கம்பிகள் சேர்ந்து ஒரே தடித்த இழையாக வேலை செய்யும், பசை உள்ளே நுழையாது. அதை ஒரு தனி வகை இழையாகவே எண்ணிச் சோதியுங்கள்.

ஓடிய டயர் இழைதான் கிடைக்கிறது என்றால், எந்த டயர் என்று கேளுங்கள். இரண்டு சக்கர வண்டி டயரிலும் டிராக்டரின் பழைய பாணி டயரிலும் உள்ளே பெரும்பாலும் நைலான்தான். எஃகு என்று இருப்பது பீட் மட்டுமே. ரேடியல் லாரி, பேருந்து டயர்தான் நமக்கு வேண்டியது. அதிலும் அரைப்பதற்கு முன்பே பீட் வளையத்தை இயந்திரத்தால் உருவி எடுத்திருக்க வேண்டும். நீளமான பீட் துண்டு ஒன்று உள்ளே போனால் அதைச் சுற்றியே மெல்லிய இழைகள் சிக்கி உருண்டையாகும்.

மூட்டை வந்ததும் செய்யச் சில எளிய சோதனைகள் உண்டு. ஒரு கிலோ எடுத்து வெள்ளைத் தாளின்மேல் பரப்பி, காந்தத்தால் இழையை மட்டும் தூக்கி உதறுங்கள். கீழே மிஞ்சும் தூளையும் பஞ்சையும் எடை போடுங்கள். இழையில் ஒட்டியிருக்கும் ரப்பரைக் கையால் பிய்த்து அதையும் எடை போடுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு 200 இழை எடுத்து நீளமும் விட்டமும் அளந்து எழுதுங்கள். விட்டம் 0.3 மி.மீ.க்குள்ளும், நீளத்தில் பெரும்பகுதி 15 முதல் 40 மி.மீ.க்குள்ளும் அமைந்தால் நல்ல சரக்கு. 5 மி.மீ. துண்டுகள் ஏராளமாக இருந்தால் எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள், பலன் இல்லை. கடைசியாக, ஓர் இழையை விரலால் வளைத்து விடுங்கள். குளிர்நிலையில் இழுத்த கம்பி வில்போலத் திரும்பப் பார்க்கும். சூடுபட்ட கம்பி வளைத்த இடத்திலேயே மடங்கிக் கிடக்கும். நிறமும் காட்டிக்கொடுக்கும்: பித்தளை மினுக்கு கொஞ்சமாவது இருக்க வேண்டும், முழுக்கக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். இந்தக் கம்பி விரலில் ஏறினால் முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

சரி, கலவைக்கு வருவோம். எம்70-க்கு நீங்கள் ஏற்கெனவே தண்ணீர்-பைண்டர் விகிதம் (பைண்டர் என்றால் சிமெண்டும் அதோடு சேரும் தூளும்) 0.30 பக்கம், சிலிக்கா ஃப்யூம் 5 முதல் 10 சதவீதம், தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் பிசிஇ அட்மிக்ஸர் என்று வைத்திருப்பீர்கள். அதைத் தொட வேண்டாம். மாற்ற வேண்டியது ஜல்லி. இழையின் நீளம் பெரிய ஜல்லியைப்போல இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. 20 மி.மீ. இழைக்கு 20 மி.மீ. ஜல்லி போட்டால் ஜல்லிகளுக்கு நடுவே இழைகள் கொத்துக் கொத்தாகத்தான் நிற்கும். 10 அல்லது 12.5 மி.மீ. ஜல்லிக்கு இறங்குங்கள். மொத்த ஜல்லியைக் கொஞ்சம் குறைத்து மணலைக் கூட்டுங்கள், ஏனென்றால் கிலோவுக்கு இரண்டு லட்சம் இழைக்கும் மேலே பூச பசை வேண்டும். ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) விழுகிறது என்று தண்ணீரைத் தொட்டால் எம்70 கதை அங்கேயே முடிந்தது. அட்மிக்ஸரைக் கூட்டுங்கள். அப்புறம், இழைக் கலவையில் ஸ்லம்ப் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அசையாமல் நிற்கும்போது விறைப்பாகத் தெரியும் கலவை வைப்ரேட்டர் பட்டதும் நன்றாகவே ஓடும்.

நீளத்தை விட்டத்தால் வகுத்தால் வரும் எண் 100-ஐத் தாண்டும்போது இழை உருண்டையாகும் ஆபத்து அதிகம். நம் இழை சரியாக அந்த எல்லையில்தான் நிற்கிறது. அதனால் கொட்டும் முறை முக்கியம். மூட்டையை அப்படியே கவிழ்க்காதீர்கள். 10 மி.மீ. கண் உள்ள சல்லடையின்மேல் வைத்து அசைத்து மழைபோல விழச் செய்யுங்கள். பான் மிக்ஸர் இருந்தால் ஜல்லியும் மணலும் உலர்வாகச் சுற்றும்போதே பாதி இழையைத் தூவி, மீதியைப் பசை உருவான பிறகு தூவலாம். டிரான்சிட் மிக்ஸர் லாரி என்றால் டிரம் முழு வேகத்தில் சுற்றும்போது கடைசியாக, கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாம் முடிந்தபின் வண்டியின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் மாதிரி எடுத்து, கழுவி, காந்தத்தால் இழையைப் பிரித்து எடை போடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் கலவை கலந்திருக்கிறது. ஈஎன் 14721 என்ற ஐரோப்பிய விதி இதற்கான முறையைச் சொல்கிறது. செலவே இல்லாத சோதனை, ஆனால் நம் தளங்களில் இதைச் செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

எத்தனை கிலோ? கனஅளவில் 1 சதவீதம் என்றால் 78.5 கிலோ. அவ்வளவு டயர் இழையை ஜல்லி உள்ள கலவையில் சீராகக் கலப்பது ரெடிமிக்ஸ் நிலையத்தில் நடக்கிற காரியம் இல்லை. உங்கள் தளத்துக்கு என் தொடக்கப்புள்ளி: அதிவலிமைக் கொக்கி இழை 25 கிலோ, டயர் இழை 10 கிலோ. டயர் இழை நுண்விரிசலைக் கவனிக்கட்டும், கொக்கி இழை அகன்ற விரிசலைக் கவனிக்கட்டும். இரண்டையும் கலப்பது பலன் தருகிறது என்பதை ஷெஃபீல்ட் குழுவின் கலப்பு இழைச் சோதனைகளும் காட்டின. ப்ரீகாஸ்ட் பலகைக்கு, அது மெலிதாக இருந்து, விரிசல் அகலத்தைக் கட்டுப்படுத்துவதுதான் குறி என்றால், டயர் இழை மட்டும் 25, 30 கிலோ போட்டு முயன்று பார்க்கலாம்.

இனி, எதை அளப்பது என்ற விஷயம். க்யூபில் மாற்றம் சொற்பமாகத்தான் இருக்கும். ரப்பர் அதிகம் ஒட்டியிருந்தால் குறையவும் செய்யும். எலாஸ்டிக் மாடுலஸ் (கான்கிரீட்டின் விறைப்பு) கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் தெரிவது உடையும் விதத்தில்: க்யூப் வெடித்துச் சிதறாமல் ஒன்றாகவே நிற்கும். ஆகவே வளைவுச் சோதனைதான் செய்ய வேண்டும். ஈஎன் 14651 முறையில் 150 மி.மீ. சதுரப் பீமின் அடியில் 25 மி.மீ. வெட்டு போட்டு, 500 மி.மீ. இடைவெளியில் தாங்கவைத்து நடுவில் அழுத்துவார்கள். வெட்டின் வாய் 0.5, 1.5, 2.5, 3.5 மி.மீ. திறக்கும்போது மிச்சம் இருக்கும் வலிமையைக் குறிப்பார்கள். கம்பிக்குப் பதிலாக இழையைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால், சர்வதேசக் கான்கிரீட் அமைப்பான ஃபிப்பின் மாதிரி விதி 2010 சொல்லும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. 0.5 மி.மீ. திறப்பில் மிச்ச வலிமை, முதல் விரிசல் வலிமையில் 0.4 பங்குக்கு மேல் இருக்க வேண்டும். 2.5 மி.மீ. திறப்பில், 0.5 மி.மீ. திறப்பில் இருந்ததில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

உயர்வலிமைக் கான்கிரீட்டில் இந்த முதல் நிபந்தனையே சுலபம் இல்லை. எம்30-இல் முதல் விரிசல் வலிமை 4 என்றால் 1.6 போதும். எம்70-இல் அது 6 என்றால் 2.4 காட்ட வேண்டும். கான்கிரீட் வலுவாக ஆக, இழையும் அதற்கேற்பக் கூட வேண்டும். எம்30-க்குப் போட்ட கிலோவை அப்படியே எம்70-க்கு எடுத்துச் செல்லக் கூடாது. நம் நாட்டில் இழைக் கான்கிரீட் சாலைத் தளத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி எஸ்பி 46 வழிகாட்டி இருக்கிறது. ஆனால் இழைக்கான தர விதிகள் பொதுவாக ஒரே நீளம், ஒரே விட்டம் என்ற நினைப்பில் எழுதியவை. டயர் இழை அந்தச் சட்டத்துக்குள் அழகாக உட்காராது. கன்சல்டன்ட் இதைக் கேட்பார். உங்கள் பதில் இழையின் சான்றிதழாக இருக்க முடியாது, பீம் சோதனை முடிவாகத்தான் இருக்க முடியும்.

துருப்பிடிக்காதா என்று கட்டாயம் கேட்பார்கள். மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இழை துருப்பிடிக்கும், பழுப்புப் புள்ளி விழும். தோற்றம் முக்கியமான சுவருக்கு வேண்டாம். உள்ளே இருப்பது வேறு கதை. இழைகள் ஒன்றோடொன்று தொடர்ச்சியாக இல்லாததால் துரு கம்பியில் போவதுபோல நீளமாகப் பரவாது. அவ்வளவு மெல்லிய இழை துருப்பிடித்து உப்பினாலும் மேல்பூச்சை உடைக்கும் அளவுக்கு விசை வராது. எம்70-இன் அடர்த்தியில் உப்பும் காற்றும் உள்ளே போவதே மெதுவாகத்தான். தொழிற்கூடத் தளத்தில் மேலே ஹார்ட்னர் (மேற்பரப்பைக் கெட்டியாக்கும் தூள்) தூவி மெழுகுவீர்கள் அல்லவா, அது இழையை மூடிவிடும்.

தீ விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். உயர்வலிமைக் கான்கிரீட் தீயில் வெடித்துச் சிதறுவது உள்ளே அடைபடும் நீராவியால். எஃகு இழை மட்டும் அதைத் தடுக்காது. பாலிப்ராப்பிலீன் இழை ஏறக்குறைய 165 டிகிரியில் உருகி ஆவிக்கு வழிவிடும். ஐரோப்பிய விதி கனமீட்டருக்கு 2 கிலோ என்று சொல்கிறது. டயரிலிருந்தே கிடைக்கும் நைலான், பாலியெஸ்டர் நூலை இந்த வேலைக்குப் பயன்படுத்த முடியுமா என்று ஷெஃபீல்டில் சோதித்து, நம்பிக்கை தரும் முடிவு கண்டிருக்கிறார்கள். அங்கே அதைச் சுத்தம் செய்து தனியாகச் சேர்த்தார்கள். நம் மூட்டையில் கலந்து வரும் பஞ்சு அந்தக் கணக்கில் சேராது.

பீம், தூண், தொங்கு ஸ்லாபில் டயர் இழையை நம்பி ஒரு கம்பியைக்கூட எடுக்காதீர்கள். கூடுதலாகப் போடுங்கள், பரவாயில்லை. தரைமேல் படுத்திருக்கும் தளம், ப்ரீகாஸ்ட் பலகை, மேன்ஹோல் மூடி, கால்வாய் மூடி, ஷாட்கிரீட் (குழாய் வழியே வேகமாகப் பீச்சும் கான்கிரீட்) இவையெல்லாம் இதற்கு ஏற்ற இடங்கள்.

முதல் சோதனைக்கு மூன்று கலவை போடுங்கள்: இழையே இல்லாதது, கொக்கி இழை 35 கிலோ, கொக்கி 25-உம் டயர் 10-உம் சேர்ந்தது. மூன்றுக்கும் ஜல்லி, தண்ணீர், சிமெண்ட் எல்லாம் ஒன்றே, ஸ்லம்பை அட்மிக்ஸரால் மட்டும் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு பீம். 28 நாள் கழித்து வரும் வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கலப்புக் கலவையின் கோடு 0.5 மி.மீ. திறப்பில் கொக்கிக் கோட்டுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் டயர் இழை தன் வேலையைச் செய்கிறது. 2.5-இல் கீழே விழுந்தால் டயர் இழையை அப்படியே வைத்து கொக்கியை ஐந்து கிலோ ஏற்றுங்கள். 0.5-லேயே கீழே இருந்தால் கிலோவைக் கூட்டிப் பயனில்லை, உடைந்த பீமைப் பிரித்து இழைகளைப் பாருங்கள்: ரப்பர் ஒட்டியிருக்கிறதா, உருண்டையாகக் கிடக்கிறதா, மடங்கிக் கிடக்கிறதா என்று. பெரும்பாலும் திரும்ப மூட்டைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.